ரிவர்ஸ் கியரில் ஏறிய கரை

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, கொள்ளிடத்துப் படுகையில் ஒரு வாழைத் தோட்டத்தில் நடந்தது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாவதோடு நின்றவள். வந்த வரைக்கும் சொல்கிறேன்.

படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கும் தாழ்ந்த நிலம். வண்டல் மண். வாழை நன்றாக வரும். ஆற்றில் தண்ணீர் கூடுதலாக விட்டால் முதலில் மூழ்குவதும் அதுதான்.

நான் தையல்காரி. வீட்டுக்காரர் லோடு வண்டி டிரைவர். நாலு சக்கரச் சின்ன வண்டி. சொந்த வண்டி. தோட்டங்களில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போய் காந்தி மார்க்கெட் மண்டியில் இறக்குவார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலைதான். ஒரு நாள் காலையில் காபி டம்ளரை எடுக்கப் போனவருக்குக் கை எழவில்லை. பக்கவாதம். தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிர் தங்கியது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். கவனித்துக் கேட்டால் புரியும். பிறகு கோல் ஊன்றி வீட்டுக்குள் நடந்தார்.

ஆனால் கிளட்ச் மிதிக்கிற கால் அது. கியர் போடுகிற கை அது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வண்டி வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது. நான் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அவரிடம் கேட்கவில்லை. அவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. லைசென்ஸ் வந்தது. தார்ப்பாயைக் கழற்றினேன்.

ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தது சின்ன காரில். அந்தக் கால் பழக்கம் லோடு வண்டியில் ஒத்து வரவில்லை. காரில் முதல் கியர் போட்டால் பாதித் தெரு போகலாம். இதில் நாலு வீடு தாண்டுவதற்குள் இன்ஜின் கத்தும். பயந்து போய் இரண்டு, மூன்று என்று மாற்றிவிடுவேன். உடனே வண்டி குலுங்கி நின்றுவிடும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். "அக்கா, கியர் போடறீங்களா, துணி கிழிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். தையல்காரி என்று தெரிந்துதான் கேட்டார். சத்தம் அப்படித்தான் இருந்தது.

முதல் வாரம் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெருமுனைல மூணு போட்டே."

"ஆமாங்க."

"ரெண்டுலதான் திரும்பணும்."

அவ்வளவுதான். பல மாதம் கழித்து அவராக என்னிடம் பேசியது அது.

அதற்குப் பிறகு தினமும் அப்படி நடந்தது. படுத்திருந்தபடியே வண்டி புறப்படும் சத்தத்தைக் கேட்பார். வரும் சத்தத்தைக் கேட்பார். "இன்னைக்கு சீக்கிரம் மாத்திட்டே." "இன்னைக்கு இழுத்துக்கிட்டே இருந்தே. அது கத்துறப்பவே மாத்தணும்." "இன்னைக்குப் பரவால்ல." பரவாயில்லை என்று சொன்ன நாளில் எனக்கு ரசம் கூட நன்றாக வந்தது.

ஒரு சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன்.

"முதல் கியர்ல வண்டி நகரவே மாட்டேங்குது. ஆனா அதுல மட்டும் எப்படிங்க அவ்வளவு பலம்?"

கோலை ஊன்றி எழுந்து வந்தார். மிஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மிதி."

மிதித்தேன். கீழே பெரிய சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் மேலே சின்னச் சக்கரம் பல சுற்று ஓடியது. ஊசி பறந்தது.

"இது டாப் கியர். வேகம் இருக்கு. தடித் துணி வந்தா என்ன ஆவும்?"

"நின்னுடும்."

"பலம் இல்ல. இப்ப காலை எடுத்துடு. சின்னச் சக்கரத்தைக் கையால சுத்து."

சுற்றினேன். பெரிய சக்கரம் மெதுவாக அசைந்தது. அவர் குனிந்து வலது கையால் அதைப் பிடித்தார். நல்ல பலமான கை அது. நான் சின்னச் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, அவர் கையை மீறிப் பெரிய சக்கரம் வந்துகொண்டே இருந்தது.

"நிறுத்த முடியல பாத்தியா. இது பர்ஸ்ட் கியர். சின்னது நிறைய சுத்தும், பெருசு கொஞ்சமாச் சுத்தும். வேகத்தைக் கொடுத்துட்டு பலத்தை வாங்கிக்குது."

எனக்கு விளங்கிவிட்டது. ஸ்கூலில் இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு நிறையப் பேசினார். கியரெல்லாம் மலைக்கோட்டைப் படி மாதிரி என்றார். ஒரு படியை விட்டுக் காலை எடுத்தால் அடுத்த படி எட்ட வேண்டும். எட்டாத தூரத்தில் வைத்தால் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். ரொம்பக் கிட்டக் கிட்ட வைத்தால் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், போய்ச் சேர முடியாது. காருக்குப் படி ஒரு மாதிரி, லோடு வண்டிக்கு ஒரு மாதிரி. எங்கள் வண்டியில் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் உயரம் அதிகம். அதனால்தான் அங்கே தடுமாறுகிறேன் என்றார்.

ஒரு தடவை பட்டறையில் வண்டியின் கியர் பாக்ஸைப் பிரித்து மேஜை மேல் வைத்திருந்தார்களாம். இவர் சும்மா இருக்காமல் ஒரு பக்கம் கையால் சுற்றி, மறுபக்கம் எவ்வளவு சுற்றுகிறது என்று ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"முதல் கியருக்குத்தானே பலம் ஜாஸ்தி?" என்று கேட்டேன்.

"இல்ல. நம்ம வண்டில ரிவர்ஸுக்குத்தான். பர்ஸ்ட்டை விட ஒரு பங்கு கூட."

"பின்னால போறதுக்கு எதுக்குங்க அவ்வளவு?"

"பின்னால போறப்ப வேகம் வேணாம்ல. எல்லா வண்டியும் இப்படி இருக்காது. இதுல இப்படி."

"எனக்கு எதுக்கு அது? நான்தான் ரிவர்ஸே போடறதில்லையே."

உண்மை அதுதான். வண்டி எடுத்த புதிதில் பின்னால் வரும்போது ஒரு பூக்காரம்மாவின் பந்தல் காலைச் சாய்த்துவிட்டேன். யாருக்கும் அடியில்லை. ஆனால் கதம்பமெல்லாம் ரோட்டில். அந்தம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து ரிவர்ஸ் பக்கம் கை போகாது. ஸ்ரீரங்கத்தில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் வீதி. சித்திரை வீதியில் போக வேண்டிய சந்தைத் தவறவிட்டால், நான் பின்னால் வர மாட்டேன். நேராகப் போய், திரும்பி, திரும்பி, திரும்பி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே சந்துக்கு வருவேன். சில நாள் வண்டி நிறைய தாரோடு பெருமாளை வலம் வந்திருக்கிறேன். கடைக்காரர்கள் இதற்குள் என்னைத் தெரிந்துவைத்திருந்தார்கள். "அம்மாவுக்கு இன்னைக்கும் பிரதட்சிணமா?" என்பார்கள்.

வீட்டில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பா, வாதத்தில் கோணியதா என்று தெரியவில்லை.

இப்படிக் கொஞ்ச காலம் போனது. ஆடி பிறந்ததும் ஒரு நாள், "வண்டிய வித்துடலாம்" என்றார். மணப்பாறைப் பக்கம் ஒரு ஆள் கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்றேன்.

"நீ வெயில்ல லோல்படறே. நான் படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டிருக்கேன். வேணாம்."

எனக்கு இருந்த கவலை வேறு. தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி போய்விட்டால் அவர் காதுக்கும் வேலை இருக்காது. மறுபடி முழுசாகச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அதை எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை. பத்து மணி இருக்கும். வாழை வியாபாரி பாய் மொபெட்டில் வந்து இறங்கினார். பெரியகடை வீதிப் பக்கம் அவர் வீடு. எங்கள் வண்டி ஓடிய நாள் முதலாய் அவர் லோடுதான் அதிகம். என்னைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் இவரை மச்சான் என்பார்.

"தங்கச்சி, சாவிய எடு. முக்கொம்பு அணைல தண்ணி திறந்துட்டாங்களாம். ஆட்டோல மைக் கட்டிச் சொல்லிக்கிட்டுப் போறான். சாயங்காலத்துக்குள்ள படுகைல தண்ணி ஏறிடும். தாரெல்லாம் வெட்டியாச்சு. தோட்டக்காரர் அழுவுறாரு. டிராக்டர் ஒண்ணு கூடக் கிடைக்கல. எல்லாம் அந்தந்தத் தோட்டத்துல நிக்கிது."

நான் சாவியை எடுத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எந்தப் படுகை?"

பாய் சொன்னார்.

"அந்த ஏத்தம் உன்னால முடியாது."

கரையிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு இறங்க ஒரு சரிவுப் பாதை. சரளை கொட்டி இறுக்கியது. செங்குத்து. நான் அங்கே போனதில்லை. இவர் பல தடவை போனவர்.

"அப்ப நீங்க வாங்க" என்றேன்.

பாய் மொபெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர், "சட்டைய எடு" என்றார்.

நான் சட்டை போட்டுவிட்டேன். பொத்தானை அவரே ஒரு கையால் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏற்றப் பாய் கை கொடுத்தார். முதல் தடவையாக அவர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் டிரைவர் பக்கம் திரும்பி கியர் கம்பியை ஒரு தடவை பார்த்தார். தொடவில்லை.

இறங்குவது சுலபமாக இருந்தது. கீழே தார்கள் குவிந்து கிடந்தன. லோடு ஏற்ற இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களும் விடியலிலிருந்து தார் வெட்டிக் களைத்திருந்தார்கள். தோட்டக்காரர் அவருடைய மாட்டை ஓட்டிக் கரை ஏற்றப் போயிருந்தார். இவர் ரெண்டு நடையாக எடுக்கலாம் என்றார்.

"ரெண்டாம் நடைக்குத் தண்ணி காத்துக்கிட்டு நிக்காது மச்சான்" என்றார் பாய்.

எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கேபினுக்கு மேலே வரைக்கும் தார். பின்னால் பார்க்கிற நடுக் கண்ணாடியில் வாழைக்காய் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

முதல் கியர் போட்டு எடுத்தேன். இவர் சொன்ன மாதிரி கொஞ்ச தூரம் பின்னாலிருந்தே வேகமெடுத்து வந்தேன். சரிவில் வண்டி ஏறியது. பாதி வரைக்கும் ஏறியது. அப்புறம் இன்ஜின் சத்தம் தடித்தது. இன்னும் அழுத்தினேன். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

வண்டி பின்னால் நழுவியது.

"பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. ஸ்டியரிங்கை ஆட்டாதே. நேராத்தான் இருக்கு" என்றார். குரலில் பதற்றம் இல்லை. மெல்ல மெல்ல அடிக்கு வந்தோம்.

இன்னொரு தடவை. அதே இடத்தில் அதே இருமல்.

தோட்டத்துக் கடைசியில், ஆற்றுப் பக்கம், வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. பாய் பார்த்தார்.

"பாதிய இறக்கிடுவோம்."

"இறக்கி ஏத்தறதுக்குள்ள வந்துடும் பாய். கையும் வராது" என்றார் லோடுமேன் ஒருவர்.

"எனக்கு மொபெட் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. தெரிஞ்சா நானாவது ஏறி உட்காருவேன்" என்றார் பாய்.

இவர் என்னைப் பார்த்தார்.

"வண்டியத் திருப்பு."

"எதுக்குங்க?"

"பின்பக்கமா ஏறு."

எனக்குப் புரிந்துவிட்டது. மிஷின் பக்கத்தில் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. முதல் கியரை விட ஒரு பங்கு கூட. அந்த ஒரு பங்குதான் இந்த ஏற்றத்துக்குக் குறைகிறது.

"பின்னால ஒண்ணும் தெரியலீங்க. என்னால ஆவாது."

"வலது கண்ணாடி தெரியுதுல்ல?"

"தெரியுது."

"நான் மேல போய் ஓரமா நிக்கிறேன். கண்ணாடில என்னை மட்டும் பாரு. நான் கண்ணாடிய விட்டுப் போனா நிறுத்திடு."

கதவைத் திறந்தார். பாய் ஓடி வந்து இறக்கினார். இவர் கோலை ஊன்றிச் சரிவில் நடக்க ஆரம்பித்தார்.

நான் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் ஒரு எட்டு. இடது கால் சரளையைக் கீறிக்கொண்டு பின்னால் வரும். நிற்பார். மறுபடி ஒரு எட்டு. ஒரு நல்ல ஆள் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும் தூரம். பாய் பின்னாலேயே போனார். கையை நீட்டினார். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாய் கீழே வந்துவிட்டார்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் அவசரம். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்த லோடுமேன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வண்டி நழுவினால் முன் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. ஒருவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நாங்க ரெண்டு பக்கமும் நின்னு சொல்றோம். நீங்க எடுங்க."

"அவர் சொன்னாத்தான் எடுப்பேன்" என்றேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. வேறு யார் சொன்னாலும் என் கால் கிளட்சை விட்டிருக்காது.

மேலே போய்ச் சேர்ந்தார். வலது ஓரத்தில், ஒரு பனை மரத்துக்குப் பக்கத்தில் நின்றார். திரும்பினார். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நல்ல கையைத் தூக்கினார்.

"வரலாம் வரலாம்!"

குழறலாகத்தான் வந்தது. ஆனால் சத்தமாக வந்தது. அந்த மாதிரி சத்தத்தை அவரிடம் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது.

ரிவர்ஸ் போட்டேன். அந்தக் கியருக்கு மட்டும் ஒரு ஊளைச் சத்தம் உண்டு. அதன் பல் நேராக வெட்டியிருக்கும், அதனால் கத்தும் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஊளையிட்டுக்கொண்டே வண்டி பின்பக்கமாக ஏறியது. ஆமை மாதிரிதான். ஆனால் இருமவில்லை. கண்ணாடியில் அவர். கை உள்ளே வா என்று ஆடுகிறது. கொஞ்சம் இடது என்கிறது. போதும் என்கிறது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

பாதி தாண்டியது. முன்பு நின்றுபோன இடம் தாண்டியது.

அப்போது கண்ணாடியில் அவரைக் காணோம்.

பனை மரம் இருந்தது. வானம் இருந்தது. அவர் இல்லை.

பிரேக்கை மிதித்தேன். கை பிரேக்கையும் இழுத்தேன். வண்டி நடுச் சரிவில் நின்றது. கீழே லோடுமேன்கள் ஓடி வந்து கட்டை கொடுத்தார்கள்.

"ஏன் நிறுத்திட்டே தங்கச்சி? நல்லாத்தானே வந்தே! வா, வா!" என்று பாய் கத்தினார்.

"அவர் எங்க?"

"மேலதான் இருப்பாரு, தார் மறைக்குது. நிறுத்தாம வா! இந்த இடத்துல நிறுத்தினா மறுபடி கிளப்ப முடியாது!"

அது எனக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி ஏறுவது வேறு. நடு ஏற்றத்தில் நின்ற வண்டி, அவ்வளவு பாரத்தோடு, நின்ற இடத்திலிருந்து கிளம்புவது வேறு. இருந்தாலும் அவர் சொன்னது ஒன்றுதான். கண்ணாடியை விட்டுப் போனால் நிறுத்து. நான் நிறுத்தினேன்.

"என்னங்க!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடலாம் என்றால் பிரேக்கை விட முடியாது. அப்படி ஒரு நேரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கூட வந்ததில்லை. அங்கே பக்கத்திலாவது இருந்தேன்.

கண்ணாடியின் அடி மூலையில் ஏதோ அசைந்தது.

கை. கை மட்டும். தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில். விரல்களை மடக்கி விரித்து, வா, வா என்றது. பிறகு கொஞ்சம் முகம் தெரிந்தது. ஒரு பக்கம் சேறு.

ஓரத்துச் சேற்றில் வழுக்கி விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. விழுந்த இடத்திலேயே என் கண்ணாடிக்குள் வரும் அளவுக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டு கையைக் காட்டுகிறார்.

"ரைட்டு! வா!"

கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி மூக்கைத் தூக்குவது போல ஒரு உதறு உதறியது. கை பிரேக்கை இறக்கினேன். ஒரு கணம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கருகல் வாசனை வந்தது. அப்புறம் அந்த ஊளைச் சத்தம் கேட்டது. சக்கரம் சரளையைக் கவ்வியது. ஏறியது.

அவர் தரையில் உட்கார்ந்தபடியே காற்றைத் தட்டித் தட்டி என்னை மேலே வரவழைத்தார். அவரைத் தாண்டிக் கரைச் சாலைக்கு வந்ததும், "நில்லு" என்றார். நின்றேன்.

இறங்கி ஓடினேன். கோல் சரிவில் கிடந்தது. முட்டியில் சிராய்ப்பு. வேட்டியெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது.

"கிளட்சைப் பாதில ரொம்ப நேரம் வச்சிருந்தே. தேஞ்சிடும்."

"சரிங்க" என்றேன்.

அடி பட்டதா என்று நான் கேட்கவில்லை. பயந்துபோனாயா என்று அவரும் கேட்கவில்லை. அவர் கைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். எழவில்லை. இன்னொரு தடவை தூக்கினேன்.

"கனமா இருக்கீங்க. பர்ஸ்ட்ல இழுக்காது" என்றேன்.

"ரிவர்ஸ் போட்டுப் பாரு" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை எனக்குச் சந்தேகமில்லை. தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. சேலைத் தலைப்பால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தேன். அதே தலைப்பால் நானும் துடைத்துக்கொண்டேன்.

பாய் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அல்லா லேசாக்கிட்டான். ஏன் மச்சான், இங்க தார் அழுகுது, நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து சிரிக்கிறீங்க? சரி, இப்ப இந்த வண்டிக்கு டிரைவர் யாரு, கிளீனர் யாரு?"

"டிரைவர் அவ. நான் கிளீனர்."

"கிளீனருக்குத் தரையில உட்கார்ந்துதான் வேலையா?" என்று சொல்லிக்கொண்டே பாய் குனிந்தார். இரண்டு பேருமாகத் தூக்கினோம்.

மண்டியில் இறக்கிவிட்டு வரும்போது மூன்று மணி. திரும்பி அந்தக் கரைப் பக்கம் போய்ப் பார்த்தோம். அவர்தான் போகச் சொன்னார். படுகை முழுக்கத் தண்ணீர். வாழை மரங்களின் தலை மட்டும் வெளியில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. சரிவுப் பாதையில் பாதி வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். நான் வண்டியை அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணப்பாறைக்காரரிடமிருந்து போன் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். அவர்தான் எடுத்தார். எனக்குக் காது அங்கேதான்.

"இல்லீங்க. விக்கலை. ஓடுது. நான் அதுல வேலைக்குப் போறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே தாளித்ததில் கடுகு கொஞ்சம் கருகிவிட்டது. அவர் சாப்பிடும்போது சொன்னார், கடுகு கருகிப்போச்சு என்று. சரிங்க என்றேன்.

இப்போது தினமும் வருகிறார். சுவர்ப் பக்கம் படுக்கை இருக்கிறது, இரவு தூங்க மட்டும். கை இன்னும் வரவில்லை. கால் கொஞ்சம் தேவலை. மண்டியில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி ஓரமாக நின்று, "வரலாம் வரலாம்" என்பார். சித்திரை வீதியில் சந்தைத் தவறவிட்டால் இப்போது நான் சுற்றுவதில்லை. நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு வந்துவிடுகிறேன். கடைக்காரர் ஒருவர், "பெருமாளை மறந்துட்டீங்களேம்மா" என்று கேலி செய்தார். அதற்காக வெள்ளிக்கிழமை நடந்தே ஒரு சுற்று வந்துவிடுகிறேன்.

தில்லை நகரில் அவருக்குக் கை கால் பயிற்சி இருக்கும் நாளில் மட்டும் நான் தனியாகப் போவேன். அன்றைக்கு அவர் இருக்க மாட்டார். ஆனாலும் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், சாவி போடுவதற்கு முன்னால், வலது கண்ணாடியை அவர் நிற்கிற உயரத்துக்குத்தான் திருப்பி வைக்கிறேன். அடி மூலையில் கொஞ்சம் தரையும் தெரிய வேண்டும், அவர் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரிவதற்காக.